முதல் தலைவனின் செத்தவீடு

அன்றைக்குக் கோயிலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு, இல்லாதவர்களும் இருந்ததாகக் கதைத்தார்கள்.

பூசை வைத்த பாதர் இருந்தார். இரண்டாம் வாங்கில் பேர்னாட்டும் மனைவி பற்றிமாவும் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் குடும்ப சிநேகிதர் ஜோன்சனும் மனைவி கமலினியும். இடது பக்கத்தில் இளையோர் வகுப்புப் பிள்ளைகள். அவர்களில் றொஷானி வாசிக்கிற இடத்தில் நின்றாள், அவளுடைய சிநேகிதி வர்ஷா முன்வரிசையில் இருந்தாள். நடு வாங்குகளில் அந்த வருடம்தான் மெல்பேண் புறநகரான கிரான்பர்னில் வீடு கட்டி வந்த குடும்பங்கள், றொஷானியின் தகப்பன் சுகிர்தன் உட்பட. கடைசியில் வேலை உடுப்போடு நேரே வந்து நின்ற சில ஆண்கள். பேர்னாட்டின் மகன் அனோஜ் இல்லை. அவன் அந்தக் கோயில் வாசலை மிதித்து மூன்று வருடம். அவனுடைய பெயர் மட்டும் இருந்தது.

நவம்பர் எங்கள் சனத்துக்கு ஆத்துமாக்களின் மாதம். மாதத்தின் முதல் சனிக்கிழமைத் தமிழ்ப் பூசையில் மரித்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். வாசலில் ஒரு பெட்டி இருக்கும். அவரவர் தங்கள் வீட்டு ஆத்துமாக்களின் பெயர்களை எழுதிப் போடுவார்கள். மன்னாரில் கடலோடு போனவர்கள், சண்டையில் போனவர்கள், கனடாவில் ஆஸ்பத்திரியில் போனவர்கள் எல்லோரும் அந்த ஒரு பின்னேரத்தில் மெல்பேணுக்கு வந்து போவார்கள்.

காலையில் வடக்குக் காற்று அடுப்பு வாய் போல ஊதிய நாள் அது. பின்னேரம் ஒரேயடியாகத் தெற்குக் குளிர் இறங்கிற்று. வேர்வையோடு வந்தவர்கள் பூசை நடுவில் தோளைக் குறுக்கிக்கொண்டு இருந்தார்கள்.

றொஷானி நிதானமாக வாசித்தாள். மூன்று நான்கு பெயர் வாசித்து நிறுத்துவாள், சனம் மறுமொழி சொல்லும். "செபஸ்தியாம்பிள்ளை. திரேசம்மா. மரியநாயகம்." மறுமொழி. "குருசுமுத்து. லூர்தம்மா. அனோஜ் பேர்னாட்."

"நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே" என்றது கோயில். பேர்னாட்டும் சொன்னார். பழகிய வாய். பெயர் காதில் ஏறும் முன்னமே மறுமொழி வெளியே போய்விட்டது. அது போன பிறகுதான் அவருக்கு விளங்கிற்று, தன்னுடைய மகனைத் தானே அனுப்பி வைத்திருக்கிறார் என்று. பக்கத்தில் பற்றிமா வாய் திறக்கவில்லை. முன்வாங்கின் விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்திருந்தன.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுத்தார்கள். சுகிர்தன் வந்து பேர்னாட்டின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"அங்கிள், மகள் சொல்லித்தான் தெரியும். இவ்வளவு நாளும் இந்தப் படத்தைக் கண்டும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் இருந்திட்டம். குறை நினையாதேங்கோ. சின்ன வயசு, என்ன?"

ஜோன்சன் கடித்த றோல்ஸை விழுங்கிவிட்டு, "தம்பி, அது வந்து..." என்று தொடங்கினார். பேர்னாட் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஜோன்சன் நிறுத்திவிட்டார்.

மகன் சாகவில்லை என்று சொன்னால், அப்ப எங்கே என்று கேட்பார்கள். எங்கே என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். மன்னார் பேசாலையில் பேர்னாட்டின் தகப்பன் பந்தல் போட்ட கலியாணங்களில் கடைசி ஆள் சாப்பிடும்வரை தான் சாப்பிடாமல் நின்றவர். அந்த வீட்டுப் பிள்ளை தகப்பனோடு கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று ஒரு றோல்ஸுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் சொல்லிவிட முடியாது.

பேர்னாட் தலையை ஆட்டினார். ஒரேயொரு தரம்.

மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் நின்று பற்றிமா அதைப் பார்த்தார்.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மண்டபத்தின் முன்சுவரில் மடு மாதா படம் இருந்தது. அதற்குக் கீழே மின்சார மெழுகுதிரி ஒன்று எப்போதும் எரியும். மாதாவுக்குப் பக்கத்தில், அதே வெளிச்சம் படும்படி, கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட அனோஜின் படம். கீழே 'முதல் தலைவர்' என்று பித்தளைத் தகடு. பேர்னாட்தான் மாட்டியது. இளையோர் தலைமைத்துவப் பயிற்சி அவர் தொடங்கியது. கிரான்பர்னுக்கு அப்பால் சலாதுக் கீரை பொதி செய்யும் தொழிற்சாலையில், குளிர் அறையில் வெள்ளைச் சப்பாத்தோடு நின்று வரிசை வரிசையாக ஆட்களை வேலை வாங்கியவர் அவர். எங்கள் பிள்ளைகள் நாளைக்கு அப்படிக் கீரைக்குப் பின்னால் நிற்கக்கூடாது, மேடைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதில் பொய் இல்லை.

ஆனால் வகுப்பில் என்ன நடந்தது? எப்படி நிமிர்ந்து நிற்பது, பெரியவர்களை எந்த ஒழுங்கில் விளிப்பது, ஒலிவாங்கியை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, நன்றியுரையில் யாரை விடக்கூடாது. தலைவரைத் தெரிவது பேர்னாட். தலைவரின் பேச்சை எழுதுவதும் பேர்னாட். பிள்ளைகள் பெற்றோர் கொண்டுவந்து இறக்கிவிட்டதால் வந்தார்கள், மேசைக்குக் கீழே போனைப் பார்த்தார்கள், வருடக் கடைசியில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மூன்று வருடத்துக்கு முந்திய கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் தலைவர் உரை அனோஜுடையது. தகப்பன் எழுதிக் கொடுத்ததைப் பாதி வாசித்தவன் நிறுத்தினான். "இது என்ர பேச்சில்லை. அப்பா எழுதினது. எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு மேடையால் இறங்கினான். அப்போதைய பாதர் இருந்தார், சிட்னி குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து வந்த பிரதம விருந்தினர் இருந்தார். மண்டபம் முழுக்க இருமியது. வீட்டுக்குப் போகும் காரில் பேர்னாட் சொன்னது ஒரேயொரு வசனம்: "இண்டையில இருந்து நான் ஒரு பிள்ளையும் பெறேல்லை." அடுத்த நாள் அவர்கள் பூசைக்குப் போய் வர, அனோஜின் அறை வெறுமையாக இருந்தது.

அதற்குப் பிறகும் படம் மாட்டியபடியே இருந்தது. கழற்றினால் ஏன் கழற்றியது என்று கேட்பார்கள் அல்லவா? வகுப்பில் மட்டும் "அனோஜ் இருந்த காலத்தில" என்று பேர்னாட் சொல்லுவார். "அனோஜ் இருந்திருந்தால் இப்பிடி முதுகு வளைச்சு நிக்கமாட்டான்" என்பார். தெரிந்தவர்கள் மரியாதைக்காகக் கேட்கவில்லை. தெரியாதவர்கள் துக்கம் என்று நினைத்துக் கேட்கவில்லை.

வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. சூடேற்றியைப் போட்டால் காற்று தள்ளி அவனுடைய அறைக் கதவு தானாகத் திறக்கும். பேர்னாட் எழுந்துபோய்ச் சாத்துவார். பின்னேரங்களில் பற்றிமா உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் எதையோ சொல்லிக்கொண்டிருப்பார். செபமாலை என்று முதலில் நினைத்தார் பேர்னாட். ஒருநாள் அந்தக் குரல் சிரித்தது. இல்லாத பிள்ளையோடு இருந்து கதைக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. கேட்காதவர் போலக் கடந்து போனார். அதிலிருந்து அந்தப் பக்கம் போவதே குறைவு.

அன்றைக்குக் கோயிலால் வந்ததும் பற்றிமா கைப்பையைக் கதிரையில் வைத்தார்.

"தலையாட்டினீங்கள்."

"என்னது?"

"சுகிர்தன் கேக்கத் தலையாட்டினீங்கள். நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

"அவ்வளவு ஆக்களுக்குள்ள வச்சு நான் என்ன விளக்கம் சொல்லுறது?"

"விளக்கம் ஆர் கேட்டது? உயிரோட இருக்கிறான் எண்டு சொல்ல எவ்வளவு நேரம் வேணும்?"

"செத்தவன் எண்டு நான் வாயால சொல்லேல்லை."

"கோயிலுக்குள்ள சொன்னீங்கள். வாய் நிறையச் சொன்னீங்கள்."

பற்றிமா குசினிக்குள் போனார். அடுப்பில் காலையில் ஊறவைத்த பயறு இருந்தது. சட்டியை இறக்கி, பயறைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து, அடுப்பைத் துடைத்து, குசினி விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

"சரி. செத்தவீடு எண்டால் செத்தவீடு. செத்தவீட்டில அடுப்பு எரியிறேல்லை."

"பற்றிமா, விசர்க்கதை கதையாதையும்."

"எனக்கு விசரில்லை. எந்த வாயால சொன்னீங்களோ அந்த வாயாலயே போய் இல்லையெண்டு சொல்லுங்கோ. அதுமட்டும் என்ர குசினி இப்பிடித்தான்."

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாப்பாடு வரத் தொடங்கிற்று. எங்கள் ஆட்களிடம் இது ஒன்று இன்னும் மாறவில்லை. செத்தவீடு என்று கேள்விப்பட்டால் அயல் சமைத்துக் கொண்டு வரும். முதலில் சுகிர்தன் வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வாழைக்காய்க் கறியும். பிறகு பெயர் தெரியாத ஒரு வீட்டிலிருந்து இடியப்பமும் சொதியும். வெள்ளித் தாள் மூடிய தட்டுகள், எல்லாம் மரக்கறி. பற்றிமா ஒவ்வொருவருக்கும் வாசலில் நன்றி சொல்லி வாங்கினார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. மேசையில் கொண்டுவந்து வைத்து, "சாப்பிடுங்கோ. உங்கட மகன்ர சாப்பாடு" என்பார். அவர் மட்டும் தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் குசினியில் சாப்பிட்டுவிட்டு வருவார்.

பேர்னாட் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவார். இறங்காது.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் மேலாளர் அவரை அறைக்குள் கூப்பிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகனுடைய செய்தி கேட்டு வருந்துவதாகவும், துக்க விடுமுறை அவருக்கு உண்டு என்றும், போய் வீட்டில் இருக்கும்படியும் சொன்னார். அன்று முழுவதும் பேர்னாட்டின் வரிசையில் நின்ற பெண்கள் அவரிடம் சத்தமாகப் பேசவில்லை. கழுவிய கீரை ஓடும் பட்டியில் வந்துகொண்டே இருந்தது. குளிர் அறையில் மூச்சுப் புகையாகப் போனது. தன்னுடைய மூச்சைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார் பேர்னாட்.

அன்று பின்னேரம் ஜோன்சன் வந்தார். கையில் கமலினி கொடுத்துவிட்ட தட்டு.

"நீயுமோ?" என்றார் பேர்னாட்.

"அண்ணை, உங்கட வீட்டில அடுப்பு எரியேல்லையாம், அன்ரியாக்கள் எல்லாம் கொண்டுபோகினமாம், நாங்கள் மட்டும் சும்மா இருந்தால் நல்லாயிருக்குமோ எண்டு அவ கேக்கிறா." ஜோன்சன் கதிரை நுனியில் இருந்தார். குரலைத் தாழ்த்தினார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. உண்மையா ஏதும் நடந்ததோ?"

"விசரோடா உனக்கு? உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். எண்டாலும்... கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

பேர்னாட் தட்டின் வெள்ளித் தாளை அழுத்தி மூடினார்.

"என்ர மருமோன் குளிர் காலத்தில அனோஜை மேற்குப் பக்கம், ட்ருகனினாவில கண்டவன். பெரிய வெயார்ஹவுஸ் ஒண்டு, சிவப்புக் கூரை. அங்க வேலையாம். பிறகு அவனும் காணேல்லையாம்."

ஜோன்சன் போன பிறகு பேர்னாட் வெகுநேரம் அதே கதிரையில் இருந்தார். குளிர் காலத்துக்குப் பிறகு காணவில்லை. நெடுஞ்சாலையில் எத்தனை லொறி. தனியாக இருக்கிற பொடியன். ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிப்பார்கள்? பிள்ளை பெறவில்லை என்று சொன்ன தகப்பனுக்கா? அன்றைக்குக் கோயிலில் தன் வாயிலிருந்து போன மறுமொழி எங்கோ போய்ப் பலித்திருக்குமோ என்று அவருக்கு ஒரு பயம் பிடித்தது. பற்றிமாவிடம் கேட்கலாம். கேட்டால் தோற்றதாகிவிடும். சூடேற்றியின் காற்றில் அனோஜின் அறைக் கதவு மெல்லத் திறந்தது. இந்தத் தடவை அவர் எழுந்து போய்ச் சாத்தவில்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு றொஷானியும் வர்ஷாவும் சீருடையோடு வந்தார்கள். இருவரும் இருக்கவில்லை, நின்றார்கள்.

"அங்கிள், நாங்கள் பெமிஷன் கேக்க வரேல்லை. தகவல் சொல்ல வந்தனாங்கள்" என்றாள் றொஷானி. வர்ஷா முழங்கையால் இடித்தாள். "என்ன? அப்பிடித்தானே முடிவெடுத்தது?"

"என்ன முடிவு? ஆர் எடுத்தது?"

"நாங்கள் எல்லாரும். மீற்றிங் வச்சனாங்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை அனோஜ் அண்ணாவுக்கு ஒரு நினைவுக் கூட்டம். பாதரோட கதைச்சாச்சு. மண்டபம் எடுத்தாச்சு. சமையல் நாங்களே. வர்ஷா வீட்டில பருப்பு, எங்கட வீட்டில சோறு, பொடியங்கள் மேசை கதிரை அடுக்குறது, கழுவுறது. அதில சண்டை வந்தது. பிறகு வோட் எடுத்தம்."

பேர்னாட் அவளைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து வகுப்பில் அந்தப் பிள்ளை 'ஓம் அங்கிள்', 'இல்லை அங்கிள்' என்பதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. குனிந்து நிற்கிறாள் என்று எத்தனை தரம் திருத்தியிருப்பார். இப்போது நிமிர்ந்து நின்றாள். அவர் சொல்லிக் கொடுத்த மாதிரியும் அல்ல, வேறு மாதிரி.

"பெட்டியில பேர் எழுதிப் போட்டதும் நீங்களோ?"

"ஓம். அதுதான் ஃபெர்ஸ்ற் மீற்றிங்." றொஷானியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்கள் அண்ணாவைப் பற்றிக் கதைக்கேக்க எப்பவும் நிப்பாட்டிப்போடுவீங்கள். எப்பிடிச் செத்தவர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அவருக்கு ஒருத்தரும் மன்றாடேல்லைப் போல எண்டு எங்களுக்குக் கவலையாயிருந்தது, அங்கிள். அதான்."

பேர்னாட் இருமினார்.

"ஒண்டு கேக்கலாமோ?" என்றாள் வர்ஷா. "கூட்டத்தில சொல்ல வேணும். அண்ணா முதல் லீடர்தானே. அவர் என்ன செய்தவர்?"

பேர்னாட் வாயைத் திறந்தார். நன்றியுரை வாசித்தான். வரவேற்புரை வாசித்தான். குத்துவிளக்கு ஏற்றுகிறவர்களுக்குத் தீக்குச்சி கொடுத்தான். இதையெல்லாம் அந்தப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே சொல்ல அவரால் முடியவில்லை.

இருண்டு கிடந்த குசினி வாசலில் நின்று பற்றிமா சொன்னார்: "ஒருநாள் மேடையில நிண்டு, இது என்ர பேச்சில்லை, அப்பா எழுதினது எண்டு சொல்லிப்போட்டு இறங்கினவன். அதுதான் அவன் செய்தது."

பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எல்லாருக்கும் முன்னாலயோ?" என்றாள் வர்ஷா.

"எல்லாருக்கும் முன்னால."

"வாவ்" என்றாள் வர்ஷா. பிறகு செத்தவீடு என்ற நினைவு வந்து, "சொறி, அன்ரி" என்றாள்.

வெள்ளிக்கிழமை பேர்னாட் துக்க விடுமுறை எடுத்தார். வாழ்க்கையில் அவர் பொய்க் காரணத்துக்கு எடுத்த ஒரே விடுமுறை அது. பற்றிமா வேலைக்குப் போன பிறகு கமலினியின் தட்டைக் காரில் வைத்தார். ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் விட்டால் தான் சாப்பிட வேண்டும் என்பதாக இருக்கலாம். மொனாஷ் நெடுஞ்சாலை வழியாகப் போய், நகரத்தைத் தாண்டி, பாலத்தில் காற்று காரைப் பிடித்து உலுப்ப, மேற்குப் பக்கம் இறங்கினார். ட்ருகனினாவில் மரம் இல்லை. ஜன்னல் இல்லாத நீளக் கட்டடங்கள், அவற்றுக்குப் பின்னால் புது வீடுகள், நடுவே காய்ந்த புல். சிவப்புக் கூரை ஒன்றல்ல, மூன்று இருந்தன.

மூன்றாவதன் வாசலில் ஆட்கள் இடைவேளைக்கு வெளியே வந்தார்கள். எல்லோரும் ஒரே மஞ்சள் சட்டை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார் பேர்னாட். அவன் இல்லை. அடுத்தவனும் அவன் இல்லை. தாடி வைத்த ஒருவன் அவரைக் கடந்து போய், நின்று, திரும்பினான்.

"அப்பா?"

பேர்னாட் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாவுக்கு ஏதுமோ?" என்றான் அனோஜ். அவன் முகம் வெளிறியது. "நேற்றுப் பின்னேரமும் கதைச்சவவே!"

நேற்றுப் பின்னேரம். உடுப்புத் தோய்க்கும் அறை. சாத்திய கதவு. சிரித்த குரல். பேர்னாட்டுக்கு எல்லாம் ஒன்றாக விளங்கிற்று.

"அம்மாவுக்கு ஒண்டுமில்லை."

"அப்ப ஆர் செத்தது?"

"நீ" என்றார் பேர்னாட்.

சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெட்டி, பெயர், றொஷானி, குசினி. அனோஜ் நடைபாதை விளிம்பில் குந்தியிருந்து கேட்டான். தலையாட்டிய இடம் வந்தபோது பேர்னாட் அதை விட்டுவிட்டுப் போகப் பார்த்தார்; பிறகு அதையும் சொன்னார்.

"ஏன் ஆட்டினீங்கள்?"

"ஆக்கள் நிண்டவை."

"இன்னும் ஆக்கள்தான், என்ன?"

பேர்னாட் தட்டை எடுத்து அவனிடம் நீட்டினார். அனோஜ் வெள்ளித் தாளைக் கிழித்து, வேலைக் கையுறையைக் கழற்றி, கையாலேயே சாப்பிட்டான். பசியோடு இருந்திருக்கிறான்.

"ஆற்ற சமையல்?"

"கமலினியின்ர. உன்ர செத்தவீட்டுக்குத் தந்தது."

அனோஜுக்குப் புரையேறிற்று. இருமிச் சிரித்து, கண்ணைத் துடைத்தான். "உப்புக் காணாது."

"செத்தவீட்டுச் சாப்பாட்டில உப்புப் பாக்கிற பிணத்தை இப்பத்தான் காணுறன்."

இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். அந்த வீட்டு ஆண்கள் சிரித்தால் அப்படித்தான்.

உள்ளிருந்து ஒரு சின்னப் பொடியன் ஓடிவந்து ஆங்கிலத்தில் கேட்டான், வந்த லொறியின் சாமானை எந்தப் பக்கம் இறக்குவது என்று. நீயே இடத்தைப் பார்த்து முடிவெடு என்றான் அனோஜ். பொடியன் ஒரு கணம் தயங்கி, ஓடினான். அப்போதுதான் மகனுடைய சட்டையில் 'ரீம் லீடர்' என்று எழுதியிருப்பதைப் பேர்னாட் கண்டார்.

"பிழையான இடத்தில இறக்கினால்?"

"எடுத்துத் திரும்ப வைப்பான். எனக்கும் அப்பிடித்தான் விட்டவை. முதல் மாதம் சாமான் அடுக்குற ஒரு றாக்கையே இடிச்சு வளைச்சனான்." அவன் விரலை நக்கினான். "இந்தக் கூட்டம் வைக்கச் சொல்லி ஆர் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"ஒருத்தரும் இல்லை. தாங்களாச் செய்யினம்."

"அப்ப உங்கட புறோகிறாம் வேலை செய்யத் துவங்கீற்று, அப்பா. நான் சாகவேண்டி வந்தது, அவ்வளவுதான்."

அவன் தட்டை மூடித் திருப்பிக் கொடுத்தான். பேர்னாட் அதை வாங்கவில்லை. மூன்று வருடமாக ஒத்திகை பார்த்த எந்த வசனமும் அந்த வெயிலுக்குள் வாயில் வரவில்லை. கடைசியில், "அந்தச் சனிக்கிழமை வாறியோ?" என்றார்.

"என்ர நினைவுக் கூட்டத்துக்கோ?"

"ஓம்."

"சனிக்கிழமை எனக்குப் பின்னேர ஷிப்ட்."

"மாத்தேலாதோ?"

"மாத்தலாம்" என்றான் அனோஜ். மாற்றுவேன் என்று சொல்லவில்லை. "போட்டு வாறன் அப்பா" என்று தட்டோடு உள்ளே போனான்.

பேர்னாட் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. பற்றிமாவும் கேட்கவில்லை. தட்டு இல்லை என்பதை மட்டும் பார்த்தார். குசினி மாதக் கடைசிவரை இருட்டாகவே கிடந்தது. பேர்னாட் பாணும் சம்பலும் வாங்கிச் சாப்பிட்டார்.

கூட்டத்தன்று பிள்ளைகள் மண்டபத்தை நிறைத்திருந்தார்கள். கதிரைகள் கோணலாக இருந்தன. சோறு சற்றுக் குழைந்திருந்தது. ஒலிவாங்கி இரண்டு தரம் கத்தியது. வாசலில் நின்ற பேர்னாட்டின் கை எதையாவது நேராக்கத் தவித்தது. அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அனோஜின் படத்துக்குப் பூ வைத்திருந்தார்கள். பின்கதவு காற்றுக்குத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப பேர்னாட் அங்கிள் கதைப்பார்" என்றாள் றொஷானி. "ரெண்டு நிமிஷம்."

வகுப்பில் அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே இரண்டு நிமிடம். பேர்னாட் போய் நின்றார். விளிப்புகள் எதுவும் சொல்லவில்லை.

"ஒரு திருத்தம். என்ர மகன் சாகேல்லை. ட்ருகனினாவில வேலை செய்யிறான். நான் சொன்ன ஒரு சொல்லால வீட்டை விட்டுப் போனவன். கேட்ட ஆளுக்கு நான் தலையாட்டினது பிழை. அவ்வளவுதான்."

சுகிர்தன் நிலத்தைப் பார்த்தார். ஜோன்சன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி நாலு பக்கமும் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு பிள்ளை ஆங்கிலத்தில், அப்ப நாங்கள் யாருக்குச் சமைத்தோம் என்று கேட்டது. இரண்டு மூன்று பேர் சிரித்து, அடக்கிக்கொண்டார்கள்.

றொஷானியின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப நாங்கள் பிழை விட்டிட்டம்."

"ஓம். கேட்டிருக்கலாம்" என்றார் பேர்னாட்.

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பீங்களோ, அங்கிள்?"

அவர் யோசித்தார். "இல்லை."

பிள்ளைகள் மூலையில் கூடினார்கள். பெரியவர்கள் யாரையும் கூப்பிடவில்லை. குசுகுசுப்பு, ஒரு வாக்குவாதம், கைகள் உயர்ந்தன. றொஷானி திரும்பி வந்தாள்.

"சாப்பாடு சாப்பிடுறது. படம் கழட்டுறது. அடுத்த கிழமையில இருந்து வகுப்பில என்ன செய்யிறது எண்டு நாங்கள் பாப்பம். நீங்கள் வந்து கதவைத் திறந்துவிட்டால் காணும், அங்கிள்."

மண்டபத்தில் ஒரு தாய் மகளை அதட்ட எழுந்தாள். பேர்னாட் கையைக் காட்டி அவளை இருக்கச் சொன்னார்.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

படத்தைப் பற்றிமாதான் கழற்றினார். பூவை எடுத்து மாதாவுக்கு வைத்துவிட்டு, படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வரும்போது மேற்கில் இன்னும் வெளிச்சம் இருந்தது. குசினி விளக்கைப் போட்டு, அடுப்பை மூட்டி, மீன் பொரித்தார். அந்த வாசம் அறை அறையாகப் போயிற்று. சாப்பிட்ட பிறகு ஒரு பெட்டியில் சோறும் மீனும் வைத்து மூடினார்.

"நாளைக்கு நீங்கள்தான் கொண்டுபோறது" என்றார்.

இதற்குப் பிறகு கிரான்பர்னில் ஒரு கதை உலாவியது. பேர்னாட் கதைத்து முடிக்கவும் பின்கதவால் அனோஜ் வந்தான், தகப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார், மண்டபமே எழுந்து நின்று அழுதது என்று. கண்ணால் கண்டதாகச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பொய். அனோஜுக்கு அன்று பின்னேர ஷிப்ட். அவன் வரவில்லை.